படுவான்கரைக்கு எந்த வாயு?

இயற்கை வாயுவால் இயங்கும் சிறு மின்பிறப்பாக்கிகளை வீட்டிலும் கடையிலும் வைத்துக்கொண்டால் மின்வெட்டுத் தொல்லை தீரும் என்று நண்பர்கள் சிலர் வவுணதீவிற் பேசக் கேட்டோம். அமெரிக்காவில் அது நடப்பதுதான். அங்கே வாயுக்குழாய் வீட்டு வாசல்வரை வருகிறது. இலங்கையிலோ 2011 இல் மன்னார்க் கடலடியிற் கண்ட வாயு இன்றும் கடலடியிலேயே கிடக்கிறது.

நமக்குக் கிடைப்பது கப்பலில் வரும் சமையல் வாயு. அதை நம்பி யந்திரம் வாங்க நினைப்போர் 2022 ஐ மறந்தனரோ? அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. அந்நாட்களில் வாயுச் சிலிண்டருக்கும் மக்கள் வரிசையிற் காத்துக் கிடந்தனர். கலன்களில் எரிபொருள் வழங்கலாகாது என்ற கட்டளையும் அம்மாதமே பிறந்தது. கார் வைத்திருப்பவர் காரோடு போய் நிரப்பிக்கொள்வார். உழவன் என் செய்வான்? நீரிறைக்கும் யந்திரத்தைத் தலையிற் சுமந்து போவதா? கொழும்பிற் கட்டளை வரைவோர் படுவான்கரையை நினைத்தும் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் வாயு நம்மிடமே உண்டு. அது சாணத்தில் இருக்கிறது. ஐம்பது மாடுகள் இரவு தங்கும் பட்டியில் 200 கிலோவுக்குக் குறையாமற் சாணம் சேரும். அதைத் தொட்டியிற் கரைத்து மூடி வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கன மீற்றர் எரிவாயு எழும். சிறு என்ஜின் அதைக்கொண்டு 10 அலகு மின்சாரம் தரும். அரிசி ஆலைக்கு இது போதாது. நாலைந்து வீட்டு விளக்குகளுக்குப் போதும். கழிவு வயலுக்கு எருவாகும். வாயுவிலுள்ள கந்தகத்தை இரும்புத்தூள் நிரப்பிய குழாயாற் பிரிக்காவிட்டால் என்ஜின் அரித்துப்போகும். அதைச் சொல்லாது விற்க வரும் வியாபாரியை வாசலிலேயே நிறுத்துங்கள்!

ஆனால் மாடு இருந்தாலன்றோ சாணம்? வேளாண்மைக் காலத்தில் மாடுகள் செல்லும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற் தரையை வெளியார் உழுது பயிரிடுகின்றனர் எனப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போரில் அமர்ந்தனர். தரை போனால் பட்டியை விற்பதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. விற்ற பின் யந்திரம் எதற்கு?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. மேய்ச்சற் தரையை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மண்முனை மேற்குப் பிரதேச சபை ஒரு பட்டியிலாவது இவ்வியந்திரத்தை நிறுவி, வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.