முறுமுறுப்பது யார் பாவம்?

முறுமுறுக்காதே, அது தேவனை நம்பாத பாவம் என்கிறார்கள் பிரசங்க மேடையில். யாரைப் பார்த்து? தனிக் கல்லறை கட்டியவனைப் பார்த்தல்ல. ஏன் தனியா பொதைக்கிறீங்கன்னு கேட்டவனைப் பார்த்து. எங்க திருவரங்குளம் பக்கம் இதுக்குப் பேரு பொலம்பல். வலி இல்லாம எவனும் பொலம்ப மாட்டான்.

சரி, வேதத்தையே எடுப்போம். வனாந்தரத்தில் பசிக்குதுன்னு முறுமுறுத்தார்கள், மன்னா வந்தது. தாகம்னு முறுமுறுத்தார்கள், கன்மலையிலிருந்து தண்ணீர் வந்தது. 40 வருஷ அலைச்சல் எப்போது விழுந்தது? வேறு தலைவனை வைத்து எகிப்துக்கே திரும்புவோம் என்றபோது (எண்ணாகமம் 14). அடிமைத்தனத்துக்குத் திரும்புவதுதான் அங்கே அவிசுவாசம்.

ஆதித் திருச்சபையிலும் முறுமுறுப்பு எழுந்தது. எங்கள் விதவைகளுக்குப் பந்தியில் சரியாகக் கொடுப்பதில்லை என்று கிரேக்கம் பேசியவர்கள் கேட்டார்கள். அப்போஸ்தலர்கள் வாயை மூடச் சொல்லவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரை நியமித்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள் (அப்போஸ்தலர் 6).

இங்கே நடந்தது என்ன? உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறை தனி, சவம் போகும் வழி தனி. இந்தத் தீண்டாமை வேண்டாம், எங்களைத் தனிப் பங்காக்குங்கள் என்று 2008-இல் கேட்டார்கள். மார்ச் 9-இல் வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம்!

பொறுமையாயிரு என்பவர்களே, நீங்கள் எங்களைத் திருப்பி அனுப்புவது எகிப்துக்கு. உபதேசத்தை நிறுத்திவிட்டுப் பந்தி விசாரிப்பை முறுமுறுத்தவன் கையில் கொடுங்கள்.