முதலில் கிண்டி, பிறகு மேடை

கோயம்புத்தூர் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத்தோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

பர்மிங்காமிலிருந்து எழுதுகிறேன். சென்ற வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தென்னந்தோப்பு வேலைக்காக நம் பையன் ஒருவர் பட்டறையிலேயே செய்த கருவி. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. "டிவி போட்டிக்கு அனுப்பலாங்களாண்ணா?" என்று கேட்டிருந்தார். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்த வீடியோவையும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தொழில் செய்பவர்கள் முதலீடு கேட்டு வரும் பிபிசியின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு 2006இல் ராப் லா என்பவர் வந்தார். குழந்தைகள் ஏறி உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போகும் பயணப்பெட்டி. 'ட்ரங்கி' என்று பெயர். பத்து சதவீதப் பங்குக்கு ஒரு லட்சம் பவுண்டு கேட்டார். முதலீட்டாளர் தியோ பஃபைட்டிஸ் பிடித்து இழுத்த இழுப்பில் வாரின் கொக்கி கையோடு வந்துவிட்டது. இன்னொரு முதலீட்டாளர் அதே பணத்துக்குப் பாதிக் கம்பெனியைக் கேட்டார். லா கொடுக்காமல் வெளியே வந்தார். பெட்டி பல நாடுகளில் விற்றது.

கொக்கி கழன்ற கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய அடி பின்னால் விழுந்தது. 'கிட்டீ கேஸ்' என்று விலை குறைந்த பெட்டி ஒன்று சந்தைக்கு வர, லா வழக்குப் போட்டார். 2013இல் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், 2016 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் வடிவப் பதிவுக்குக் கொடுத்திருந்தவை நிழலும் சாயலுமாகக் கணினியில் வரைந்த படங்கள். அவற்றில் பெட்டி கொம்புள்ள விலங்காகத் தெரிந்தது. போட்டிப் பெட்டியில் இருந்தது பூச்சியின் மீசை. சக்கரம் வேறு நிறம் என்பதும் படத்தில் பதிந்திருந்தது. யோசனை அருமை என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வடிவப் பதிவு யோசனையைக் காக்காது, படத்தில் உள்ளதைத்தான் காக்கும். வெறும் கோட்டுப்படமாகக் கொடுத்திருந்தால் காப்பு இன்னும் அகலமாக இருந்திருக்கும் என்று டிசைன் வேலை பார்க்கும் நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

நம் கருவியின் உயிர் அதன் வேலைமுறையில் இருக்கிறது. அதற்கு வேண்டியது காப்புரிமை. காப்புரிமைக்கு முதல் நிபந்தனை புதுமை. விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறியக் காட்டிவிட்டால், அது புதிது இல்லை என்று நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வாதாடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. இந்தியாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகள்தான்.

பொருள் முழுதாக முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 'ப்ரொவிஷனல்' விண்ணப்பம் போட்டால் அந்தத் தேதி உங்களுக்கு. முழு விவரக்குறிப்பைக் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. தனிநபர் ஆன்லைனில் போட அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். வக்கீல் செலவு வேறு. ஆனாலும் உரிமை எல்லையை வரையறுக்கும் வாசகங்களை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

அதன்பிறகு மேடை. 'டிராகன்ஸ் டென்' மேடையில் கேட்ட தொகை முழுதாகக் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஐம்பது லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று சொன்னால், கம்பெனி ஐந்து கோடி பெறும் என்று சொல்கிறீர்கள். ஒரு கருவிக்கு அடக்கவிலை என்ன, இதுவரை எத்தனை விற்றது என்று அடுத்த கேள்வி வரும். கேமரா முன் கைகுலுக்கிய பின்னும் கணக்குவழக்கைத் துருவித்தான் பணம் தருவார்கள். அந்தக் கட்டத்தில் முறிந்த ஒப்பந்தங்கள் நிறைய.

மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நம் கோயம்புத்தூர் முருகானந்தம் நாப்கின் இயந்திரத்தை மகளிர் குழுக்களுக்கே விற்று நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

அந்தத் தம்பியின் வீட்டார் இதைப் படித்தால், குழுவில் உள்ள வீடியோவை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், யாருக்கெல்லாம் போனது என்று எழுதி வைத்து, காப்புரிமை வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் விண்ணப்பத்துக்கான கட்டணத்தையும் வக்கீல் செலவையும் நான் கொடுக்கிறேன். விண்ணப்ப எண் வந்ததும் கூப்பிடுங்கள். அடக்கவிலைக் கணக்கை உட்கார்ந்து போடுவோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்