முதலில் பல்லைக் காப்போம்!

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

 

காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மற்போரில் வல்லவனாதலால் மாமல்லன் எனப் பெயர் பெற்றான் என்பதும், அவன் பெயராலேயே மாமல்லபுரம் விளங்குகிறது என்பதும் நாம் பள்ளிப் பருவம் முதல் படித்து வருபவை. மல்லைப் பற்றி எழுதப் புகுவோர் அவனை வணங்கிவிட்டுத் தொடங்குவதே வழக்கம். நானும் வணங்கிவிட்டேன். இனி, சென்ற பொங்கலன்று எங்கள் ஊர்க் கபடிக் களத்தில் விழுந்த ஒரு பல்லைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

பாடி வந்தவனின் காலைப் பிடிக்கப் பாய்ந்தான் என் நண்பன். வந்தவனின் முழங்கால் அவன் வாயில் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து மண்ணில் விழுந்தது. ஓடி வந்த பெரியவர் ஒருவர் அதைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். மறுநாள் பல் மருத்துவரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. விழுந்த பல்லை வேர்ப்பகுதியில் தொடாமல் மேற்பகுதியில் பிடித்து எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, உடனே அதன் குழியிலேயே பொருத்திப் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு அரைமணி, ஒருமணி நேரத்திற்குள் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அப்படிச் செய்தால் பல் மீண்டும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. களத்தைச் சுற்றி நான்கு வீடுகளில் கறவை மாடு இருந்தது. பால் இருந்தது, அறிவு இல்லை. இன்றும் அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறான்.

அந்தப் பல் என் சிந்தையில் நின்ற காரணத்தால்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. கபடி ஆடி வளர்ந்த நாங்கள் நால்வர், ஓராண்டாக ஞாயிறுதோறும் உத்திரமேரூரில் பேருந்தேறி, செங்கல்பட்டில் இரயிலுக்கு மாறி, சென்னைப் புறநகரில் ஒரு பயிற்சிக் கூடத்தில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகி வருகிறோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஜப்பானில் 1882-இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவைக் கற்ற மிட்சுயோ மேடா என்பவர் 1914-இல் பிரேசில் சென்றார். அங்கே அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி ஹீலியோவும், உடல் வலுக் குறைந்தவனும் தரையில் கிடந்தபடியே வலியவனை மடக்கும் வகையில் அக்கலையை வளர்த்தனர். இதில் அடி இல்லை, உதை இல்லை. பிடி, பூட்டு, நெரி, அவ்வளவே. தாங்க முடியாதபோது எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டினால் பிடி விடப்படும். கபடி 1990-இல் ஆசிய விளையாட்டில் ஏறியது போல், ஜியு-ஜிட்சுவும் 2018-இல் ஜகார்த்தாவில் ஏறிவிட்டது. கணுக்காலைப் பிடித்தால் விடாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அந்நியக் கலையே அல்ல என்பது எனது தாழ்மையான கருத்து.

ஆனால் கலையைக் கற்கப் போனவன் முதலில் சந்திப்பது குருவை அல்ல, கடையை! முழங்காலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, காதுக்கு, பல்லுக்கு, தாடைக்கு, தொடைக்கு என்று காப்புக் கருவிகள் கைப்பேசித் திரையில் அணிவகுக்கின்றன. அனைத்தையும் வாங்கினால் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். எனவே எதை வாங்குவது என்பதைவிட எதை முதலில் வாங்குவது என்பதே நமக்குள்ள கேள்வி.

நான் தவறாகவே தொடங்கினேன். அறுவடை நாள்களில் நெல்மூட்டை தூக்கிச் சேர்த்த 1,400 ரூபாயைக் கொடுத்து, இருபுறமும் எஃகுத் தகடும் கீலும் வைத்த முழங்கால் கட்டு ஒன்று வாங்கினேன். அணிந்துகொண்டதும் ஏதோ தேர் மீது ஏறியது போன்ற மிதப்பு! இரண்டாவது ஞாயிறன்று அந்தக் கீல் என்னோடு பழகிய தம்பியின் கெண்டைக்காலைக் கிழித்தது. மூன்று தையல். மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "அதைக் கழற்றிப் பைக்குள்ள வை, இனிமே எடுத்து வராதே" என்றார், அவ்வளவுதான். அந்தத் தம்பியோ, "பரவால்லண்ணே, ஒண்ணும் ஆகல" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் ஊர்க் கல்வெட்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டை வரலாற்று மாணவன் மறக்க முடியுமா? தேர்தலுக்கு நிற்கத்தக்கவர் யார் என்று சொன்னதோடு நில்லாமல், யார் யாருடைய பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்பதை எவ்வளவு விரிவாகச் சொல்லி வைத்தனர்! கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் விலக்கு. கருவிகளைத் தேர்வதற்கும் அதுவே முறை. முதலில் விலக்க வேண்டியதை விலக்குவோம்.

இரும்பு, கெட்டி பிளாஸ்டிக், கீல் வைத்த எதுவும் விலக்கு. அனைத்துலக பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் போட்டி விதிகளும் தலைக்கவசத்தையும், இடுப்புக்குக் கீழ் அணியும் கெட்டிக் கிண்ணத்தையும், வலிய பொருளால் ஆன பிற காப்புகளையும் தடை செய்கின்றன. கிண்ணத்தை இழந்தோமே என்று வருந்த வேண்டாம்; நம் பயில்வான்கள் காலங்காலமாகக் கட்டிய லங்கோடு போதும். அடுத்து, மோதிரம், கடுக்கன், மூக்குத்தி, கொலுசு. இவற்றோடு ஒரு பொருளையும் சேர்க்கிறேன். எந்த வெளிநாட்டுப் புத்தகமும் இதைச் சொல்லாது. அதுதான் நம் அரைஞாண் கயிறு! புரளும்போது எதிரியின் விரல் அதில் மாட்டினால் அறுவது கயிறாக இருக்காது. கழுத்துத் தாயத்தும் அப்படியே. எங்கள் வீட்டில் அரைஞாணைக் கழற்றியதற்கு ஒரு வாரம் வழக்கு நடந்தது. "வெள்ளிக்கிழமையாவது கட்டிக்கோடா" என்ற தீர்ப்போடு முடிந்தது.

விலக்கியது போக, முதல் இடம் பல் காப்புக்கே. கடையில் 'மவுத் கார்டு' என்று கேட்க வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைப்பது வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதியவைக்கும் வகை. உறையில் எழுதிய நேரம் மட்டும் கொதிநீரில் வைத்து, எடுத்துச் சற்றே ஆறவிட்டு, மேல்வரிசையில் பொருத்திக் கடித்து, உதட்டுக்கு மேலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே உள்காற்றை உறிஞ்ச வேண்டும். வாயைத் திறந்ததும் தானே நழுவி விழுமானால் அது பதியவில்லை என்று பொருள். மீண்டும் வெந்நீரில் போடலாம். பலர் இதைச் சோம்பி விட்டுவிட்டு, "மூச்சு முட்டுகிறது" என்று குறை கூறிக் கழற்றி எறிகின்றனர். குறை கருவியிலா? பல்லில் கம்பி கட்டியிருப்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். கழுவக் குளிர்ந்த நீர். வைக்கக் காற்றுத்துளை உள்ள டப்பா. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பேருந்துச் சன்னல் ஓரம் வைத்தால் உருமாறிவிடும். மேலும் ஒன்று: இது பல்லையும் உதட்டையும் நாக்கையும் காக்கும்; தலையில் படும் அதிர்ச்சியிலிருந்து மூளையைக் காக்கும் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அதற்குத் தக்க சான்று இல்லை.

ஏன் பல்லுக்கு முதலிடம் என்று கேட்கலாம். தசை தேறும், தோல் வளரும், எலும்பும் கூடும். பல் முளைக்காது. கட்டுப்பல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை பல் காப்பு வாங்கலாம் என்று என் நண்பனின் தந்தையைக் கேட்டுப் பாருங்கள்.

காது அடுத்தது. பயில்வான்களின் காது காலிஃபிளவர் போல் சுருண்டிருப்பதைப் படங்களில் கண்டு, அதை வீரத்தின் முத்திரை என்று எண்ணும் நண்பர்கள் இருக்கின்றனர். காதுமடலின் குருத்தெலும்பு தன்னை மூடியுள்ள சவ்விலிருந்தே ஊட்டம் பெறுகிறது. உரசலிலும் நசுக்கலிலும் இரண்டுக்கும் இடையே இரத்தம் தேங்கினால் ஊட்டம் அற்றுக் குருத்தெலும்பு மடிகிறது. காது அப்படியே இறுகிவிடுகிறது. இதில் வீரம் எங்கே வந்தது? காது வீங்கி மெத்தென்று இருந்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் சென்று இரத்தத்தை வெளியேற்றி அழுத்திக் கட்ட வேண்டும். மென்மையான காது உறையைப் பயிற்சியில் அணியலாம், போட்டியில் முடியாது. வாரம் ஒரு நாள் பழகுவோர் இதற்குப் பணம் செலவிட அவசரப்பட வேண்டாம். காது சிவந்து வலிக்கத் தொடங்கியோர் தாமதிக்க வேண்டாம்.

விரல்களுக்கு மருந்துக் கடைப் பிளாஸ்திரி நாடா. முழங்காலுக்கு மெத்தென்ற துணிப் பட்டை. இவை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

உடையும் காப்பே என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்களோடு வரும் வகுப்புத் தோழி. உடலை ஒட்டிய பனியனும் கால்சட்டையும் அணிந்து பழகும் கூடத்திற்கு அவர் வீட்டில் அனுமதி இல்லை. ஆனால் இக்கலையின் மரபான அங்கி, அரிசிமணி போன்ற புடைப்பு நெசவுள்ள தடித்த பருத்தித் துணியால் ஆனது; கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும். அதைக் கண்ட பிறகே அவர் தாயார் இசைந்தார். தரை உரசலில் தோல் உரியாமல் காப்பதும் அதுவே. சில ஆயிரம் ரூபாய் என்பதால் நாங்கள் நால்வரும் கூடத்து அங்கியையே இரவல் பெறுகிறோம். பட்டுக்குப் பேர்போன நம் மாவட்டத்துத் தறிகளில் இந்தப் பருத்தி அங்கித் துணி நெய்யப்பட்டால் என்ன என்ற ஆசை எனக்கு உண்டு. அது வேறு கட்டுரை.

இரவல் என்றதும் படர்தாமரை நினைவுக்கு வருகிறது. நண்பர்களே, இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வியர்வையோடு உடலும் உடலும் உராயும் விளையாட்டில் எலும்பு முறிவைவிட நாம் அடிக்கடி காண்பது தோல் நோயையே. ஒவ்வொரு முறையும் துவைத்த உடை, வெயிலில் காய்ந்த துணி, வெட்டிய நகம், தனித் துண்டு, பயிற்சி முடிந்ததும் குளியல். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. நோய் வந்தால் விரிப்பில் இறங்காதிருப்பதே நாணயம். மருந்துக் கடையில் வாய்வழி கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிட்டு, பூஞ்சையை உடலெங்கும் பரப்பும். நாட்டில் இன்று படர்தாமரை எளிதில் அடங்காமல் போனதற்கு அந்தக் களிம்புகளும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். நான் இரண்டு மாதம் பட்டேன், ஆதலால் சொல்கிறேன்.

இவ்வளவும் தனி ஒருவன் வாங்கத்தக்கவை. ஆனால் மிகப் பெரிய காப்பு உடலில் அணிவதன்று, காலடியில் கிடப்பது. ஜப்பானியர் 'தத்தாமி' என்னும் பாயின் மீது ஜூடோ பழகினர். அதன் உள்ளே வைத்து அழுத்தியது என்ன தெரியுமா? நெல் வைக்கோல்! ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் நம் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? இன்று அழுத்திய நுரைப்பொருளால் 4 சென்டிமீட்டர் தடிப்பில் விரிப்புகள் வருகின்றன. அதை ஒரு மாணவன் வாங்க முடியாது, கல்லூரி வாங்கலாம். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள விரிப்புகள் 18 இருந்தால் 36 சதுர மீட்டர். ஒரே நேரத்தில் நான்கு இணைகள் பழகலாம். ஜூடோ, மற்போர், யோகாசனம் மூன்றுக்கும் அதுவே உதவும். மழைக்காலத்தில் கபடிப் பிள்ளைகள் விழுந்து பழகவும் உதவும்.

எந்தக் கருவியும் தடுக்க முடியாதவையும் உண்டு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கிராமக் கபடி ஆட்டத்தில் பாடிச் சென்ற இளைஞர் ஒருவர் களத்திலேயே விழுந்து உயிர்நீத்தார். அதைக் காட்டி விளையாட்டே வேண்டாம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆட்டம் நடக்கும் இடத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், 108-ஐ அழைக்க ஒருவரை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும் என்பதே என் வாதம். அதுபோலவே, தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாதவனைப் பல் காப்பும் காக்காது, விரிப்பும் காக்காது. முழங்கை பூட்டில் சிக்கியபோது மாணவியர் பார்க்கிறார்களே என்று மூன்று நொடி தாமதித்து, ஒரு மாதம் இடக்கையால் சோறுண்ட வீரன் ஒருவனை நான் அறிவேன். அவன் பெயரை இங்கே வெளியிடவில்லை. வெளியிட்டால் இம்மலரில் அவன் எழுதிய கவிதையை யாரும் படிக்க மாட்டார்கள்.

விரிப்புகள் 18, விளையாட்டு மாணவர்களுக்குப் பல் காப்பு 40, முதலுதவிப் பெட்டி ஒன்று எனக் கேட்டு, மாணவர்கள் 63 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் உடற்கல்வித் துறையில் கொடுக்கப்பட்டுள்ளது. விரிப்பு வர நாளாகலாம், அதை அறிவோம். பல் காப்புகளையாவது அடுத்த கபடிப் போட்டிக்கு முன்னர் வாங்கித் தருமாறு முதல்வர் அவர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துகளில் முதலாவது என் பல்லிழந்த நண்பனுடையது.