அளந்து பாராமற் பழி கூறலாகாது

மருந்துண்டவன் நலம் பெறாவிடின், "அவன் ஒழுங்காய் உண்டிலன்" என்று கூறுதல் உலக வழக்கம். க்ஷயரோகம் என்னும் காசநோயில் இப்பழி நோயாளர்மீது மிக எளிதிற் சுமத்தப்படுகின்றது. ஆனால், மாத்திரை வாயினுட் சென்றது என்பது ஒன்று. அம்மருந்து குருதியிற் போதிய அளவு சேர்ந்தது என்பது மற்றொன்று.

இவ்வேற்றுமையை உணர நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாய் விளங்குகின்றது. சானடோரியத்தில் தங்கினும் வீட்டிலிருந்தே மருந்துண்ணினும் பலன் ஏறக்குறைய ஒன்றே என 1959-இல் உலகுக்கு உணர்த்தியது அந்நிலையமேயாம். பின்னர், வாரத்திற்கு ஒருமுறை ஐசோநயாசிட் மருந்தைக் கண்காணிப்பில் அளித்து அங்குச் சோதித்தனர். அம்மருந்தை விரைவிற் சிதைக்கும் ஈரலை இயற்கையாய்ப் பெற்றோர்க்கு, மெல்லச் சிதைப்போரினும் பலன் குறைந்தது. கண்முன்னே விழுங்கியவரிடத்தும் இங்ஙனமாயின், குற்றம் யாருடையது?

ரிபாம்பிசினும் இத்தகையதே. உணவோடு உண்டால் அது குருதியிற் சேர்வது குறையும். நீரிழிவோ எச்.ஐ.வி. தொற்றோ உடையாரிற் பலரிடத்தும் அதன் அளவு தாழ்ந்திருக்கக் காண்கின்றனர். மருந்துண்ட 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் குருதி எடுத்து அளந்தால், மருந்து சேரவில்லையா, தாமதித்துச் சேர்ந்ததா என்பது விளங்கும். ரிபாம்பிசின் உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராமேனும் இருத்தல் நன்று என்பர்.

எல்லார்க்கும் இச்சோதனை எதற்கு, பொருட்செலவன்றோ எனச் சிலர் வினவலாம். அது நியாயமே, பெரும்பாலோர் இதுவின்றியே குணமடைகின்றனர். ஆகலின் எல்லார்க்கும் வேண்டா. நீரிழிவுடையார்க்கும், எச்.ஐ.வி. தொற்றுடையார்க்கும், 2 மாதம் மருந்துண்டும் சளியிற் கிருமி நீங்காதார்க்குமேனும் இது கிட்டுதல் வேண்டும். மருந்தை எதிர்க்கும் கிருமியோ என ஆராய்வதோடு இதனையும் ஆராய்தல் முறை. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ எடுத்த குருதியைத் தெளியவைத்து, உறைகுளிரிற் காத்து, தக்க ஆய்வுசாலைக்கு அனுப்புதல் இந்நகரில் இயலாத செயலன்று.

இரசாயனம் பயிலும் நம் கலாசாலை மாணவர் இதனைத் தமக்குரிய பணியென எண்ணுவாராக. நோயுற்றோன் சொல்லை ஐயுறுமுன் அவன் குருதியை அளந்து பார்த்தலே அறிவுக்கும் அருளுக்கும் ஒத்ததாம்.