கருவறையைத் தொடும் ஊசி: அஞ்சுவதா, அறிவதா?



படப்பையில் நம் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருவரின் பெற்றோர் சென்ற மாதம் மஃக்ரிபுக்குப் பின் நம்மைக் காண வந்தனர். தாயார் 16 வாரக் கர்ப்பிணி. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என இரத்தப் பரிசோதனை காட்டியதால், பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். ஊசி குத்தினால் கரு கலைந்துவிடும் என்று மாமியார் அழுகிறாராம். "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்டனர்.

இத்தகையோரிடம் "தவக்குல் வையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிய காலமும் நமக்கு உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கத்தில் அது பாதிப் பதில்தான்.

மாமியாரின் அச்சம் அடிப்படையற்றதன்று. டென்மார்க்கில் நடந்து 1986-இல் வெளியான ஆய்வு, இந்த ஊசியால் கரு கலையும் கூடுதல் ஆபத்து 100-க்கு 1 என்றது. இன்று ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசி செலுத்தப்படுகிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் செய்தால் அந்த ஆபத்து 200-க்கு 1-ஐவிடக் குறைவு என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2021-இல் கூறியது. ஆபத்து சிறிது, ஆனால் இல்லாமல் இல்லை. இரத்தப் பரிசோதனையில் "ஆபத்து அதிகம்" என வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குறையில்லாத குழந்தையே பிறக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

நோயறியச் செய்யும் சோதனையை மார்க்கம் தடுக்கவில்லை என்பதே நம் புரிதல். முடிவு வந்த பின் என்ன செய்வது என்பதில்தான் சோதனை இருக்கிறது. 1990-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, குணப்படுத்தவியலாத கடும் குறை உள்ளதென நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் வேண்டினால், 120 நாட்களுக்கு முன் கருவைக் கலைக்க அனுமதித்தது. அதற்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி அனுமதியில்லை. டவுன் சிண்ட்ரோம் "கடும் குறை" ஆகுமா என்பதைத் தகுதி வாய்ந்த உலமாக்களிடமே கேட்டறிய வேண்டும்.

நம்மவர் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இங்குண்டு. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து வாரங்களை எண்ணுகின்றனர். கரு உருவானதிலிருந்து 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் சுமார் 19 வாரம். பனிக்குட நீரை 15 வாரத்திற்குப் பிறகே எடுப்பர். முழு முடிவு வர இரண்டு, மூன்று வாரமாகலாம். தயங்கித் தயங்கிச் சென்றால் முடிவு வருமுன்பே அந்த எல்லை கடந்துவிடும். நம் நாட்டுச் சட்டம் சில காரணங்களுக்கு 24 வாரம் வரையும், அதற்கு மேலும் இடம் தருகிறது. சட்டம் இடம் தருவதெல்லாம் மார்க்கத்தில் கூடும் என்றாகாது.

எனவே காலத்தே கேளுங்கள். ஊசியின்றித் தாயின் இரத்தத்திலேயே 10 வாரத்திலிருந்து பார்க்கும் மரபணுப் பரிசோதனை போதுமா? அதனால் கருவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அது இறுதி முடிவும் அன்று. ஊசிதான் வேண்டுமெனில், செய்பவரின் அனுபவம் என்ன? சில நாட்களில் வரும் விரைவு முடிவு கிடைக்குமா? பின்விளைவுகளை விளக்கி, தாய்க்குப் புரியும் மொழியில் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சம்மதம் தாயுடையது, கணவரோ மாமியாரோ அவருக்காகக் கையொப்பமிட இயலாது.

எந்த முடிவு வந்தாலும் குழந்தையைப் பெற்று வளர்ப்போம் என்று உறுதி கொண்ட தாய், ஊசியை மறுப்பதில் குற்றமில்லை. முன்கூட்டியே அறிந்து, தக்க மருத்துவமனையில் பிரசவத்திற்கு ஆயத்தமாக விரும்பும் தாயை "ஈமான் குறைந்தவள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அந்தத் தம்பதியர் எடுத்த முடிவு அவர்களுடைய அமானிதம். அவர்களுக்காக நாம் துஆச் செய்கிறோம், நீங்களும் செய்யுங்கள். கருவில் வளரும் ஒவ்வோர் உயிரையும், அதைச் சுமக்கும் தாயையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.