சர்வரை விற்கும்போதே முடிவுத் தேதியையும் சொல்லுங்கள்

சிறு தொழிலுக்கு எந்த சர்வர் ஓ.எஸ். ஏற்றது என்ற பேச்சு நம் தொழிலில் பெரும்பாலும் கட்சிச் சண்டையாகவே முடிகிறது. ஒரு பக்கம் லினக்ஸ்காரர்கள், மறுபக்கம் விண்டோஸ்காரர்கள். நடுவில் பணம் கட்டும் வாடிக்கையாளர். இதே கேள்வியைத் திருமழபாடியில் வைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள இந்த ஊர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கோ உரக்கடைக்கோ லாரி அலுவலகத்துக்கோ சர்வர் வைக்கிறோம் என்று கொள்வோம். ஐந்தாறு கணினி, ஒரு டாலி, பில் போடும் மென்பொருள், ஒரு யு.பி.எஸ்., அவ்வளவுதான். அது படுத்துவிட்டால் எழுப்புகிற ஆள் அரியலூரிலிருந்தோ கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூரிலிருந்தோ வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஓ.எஸ்ஸைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும்? பழுதானால் அன்றைக்கே சரிசெய்யத் தெரிந்தவர் யார்? விலை அதற்குப் பிறகுதான்.

முதலில் தேதி. காசும் வேண்டாம், நெடுநாளும் உழைக்கும் என்று நம்பிப் பலர் சென்ட்ஓஎஸ் 8-ஐ நிறுவினார்கள். 2029 வரை திருத்தம் வரும் என்பது அன்றைய கணக்கு. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அந்த ஆயுளை 2021 டிசம்பர் 31 என்று வெட்டியது. ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் 2021-லேயே வந்து கைகொடுத்தன. ஆனால் மாற்றித் தர ஆள் இருந்தவருக்குத்தான் அந்தக் கை எட்டியது. இதை வைத்து இலவசம் என்றாலே நிலையில்லாதது என்று சொல்லிவிட முடியாது. டெபியனுக்கு முதல் மூன்று ஆண்டும் பிறகு எல்.டி.எஸ். குழுவின் இரண்டு ஆண்டுமாக ஐந்து ஆண்டு கிடைக்கிறது, உபுண்டு எல்.டி.எஸ். பதிப்புக்கும் ஐந்து ஆண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-இல் ஆதரவு முடிந்தது. 2016-க்கு 2027 ஜனவரி 12, 2019-க்கு 2029 ஜனவரி 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. இவற்றைவிடக் கவலை தருவது, சர்வர் என்ற பெயரில் மூலையில் ஓடும் சாதாரண விண்டோஸ் 10 கணினி. ஒரே நேரத்தில் இருபது இணைப்புக்கு மேல் அது ஏற்காது. அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் தீர்ந்தது.

அடுத்தது ஆள். லினக்ஸ் தமிழ்நாட்டில் நடக்காது என்பவர்கள் எல்காட்டை மறந்துவிடுகிறார்கள். சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி, அந்த அரசு நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007-இல் சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் வெளிவந்தது. ஆனால் எல்காட் மின்னணுத் துறையிலேயே இருக்கும் நிறுவனம். முடிவெடுக்கத் தலைமையும், இறங்கி வேலை செய்யப் பொறியாளர்களும் அங்கே இருந்தார்கள். ஓர் உரக்கடையில் இரண்டும் கிடையாது. அங்கே லினக்ஸ் வைத்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் ஏ.எம்.சி. எடுத்த நம்மேல்தான் விழும். லினக்ஸ் தெரிந்த ஒரே பையன் வேலையை விட்டுப் போனால் அந்த சர்வர் அநாதை. குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியாத எதையும் வாடிக்கையாளர் இடத்தில் வைக்கக் கூடாது.

'டாலி விண்டோஸில்தானே ஓடும், இதில் தேர்வு எங்கே இருக்கிறது?' என்பது நியாயமான கேள்வி. சர்வருக்கு என்ன வேலை என்பதைப் பொறுத்தது விடை. டாலி ஒவ்வொரு கணினியிலும் ஓடி, எண்ணைப் பெயராகக் கொண்ட அதன் தரவுக் கோப்புறை மட்டும் பொதுவில் இருக்க வேண்டுமென்றால், டெபியனும் சாம்பாவும் போதும். பலர் ஒரே நேரத்தில் திறக்கும் கோப்புகள் என்பதால் அந்தப் பகிர்வில் ஆப்லாக்கை அணைத்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் தரவு கெடும், பழி லினக்ஸ் மேல் விழும். எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியே சர்வரில் புகுந்து வேலை செய்வதென்றாலோ, டாலிபிரைம் சர்வர் வாங்குவதென்றாலோ, விண்டோஸ் சர்வர்தான் வழி. நிர்வாகத்துக்கென்று இரண்டு பேர் நுழையலாம். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஆர்.டி.எஸ். உரிமம் தனியாக வாங்க வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பில் குறைந்தது 16 கோர், அதோடு ஆளுக்கொரு சி.ஏ.எல். என்று செலவு ஏறும். கோப்புப் பகிர்வு மட்டும் போதுமென்றால் 25 பயனர் வரை சி.ஏ.எல். கேட்காத எசென்ஷியல்ஸ் உண்டு. இந்தக் கணக்கைக் காட்டாமல் கிராக் போட்டுக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

லினக்ஸ் வைத்தால் வைரஸ் பயமில்லை என்ற வாதத்துக்கு 2017 மே மாதமே பதில் சொல்லிவிட்டது. அம்மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே மே மாதம் சாம்பாவிலும் தொலைவிலிருந்து நுழைய வழிவிடும் கடும் ஓட்டை வெளிப்பட்டது. இரண்டிலும் தப்பியவர்கள் பேட்ச் போட்டவர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்துவிட்டு ஓ.எஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால் தொல்லை தீரும் என்போர், வாடகைக்கு எடுத்த அந்த சர்வரிலும் ஓர் ஓ.எஸ். இருக்கிறது, அதற்கும் பேட்ச் போட ஆள் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நெட் போனால் பில் நிற்கும் என்பது தனி.

ஆகவே நம் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு சர்வர் பில்லோடும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். ஓ.எஸ். பதிப்பு, அதன் ஆதரவு முடியும் நாள், அதைப் பார்த்துக்கொள்ளும் இருவர் பெயர், பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுச் சோதித்த நாள் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். கம்பெனியாகப் பதிவானவர்கள் மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. கம்பெனி அல்லாத கடைக்கும் அது நல்ல வழக்கமே. இந்த நான்கையும் நிரப்ப முடிகிற ஓ.எஸ். எதுவோ, அந்தக் கடைக்கு அதுதான் சரியானது. ஒரு கட்டம் காலியாக நின்றாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விற்காதீர்கள்.