தனியாள் கணினி யாருக்கு உரியது?

‘கைத்தொலைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது; இனித் தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி எதற்கு?’ மலையகக் கல்வி பற்றிப் பேச்செழும் இடங்களில் இவ்வாறு வினவுவோர் உளர். இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்த பின்னரே எழுப்புகின்றனர் என்பது கருதற்பாலது.

‘தனியாள் கணினி’ என்னும் தொடரில் ‘தனியாள்’ என்ற சொல் வெறும் அடையன்று. 1970களின் நடுப்பகுதிவரை கணினி என்பது அரச திணைக்களங்கட்கும் வங்கிகட்கும் பல்கலைக்கழகங்கட்கும் உரிய பொருள். அதனிடம் வேலை கொள்ள விரும்பியவர் வரிசையில் நின்று அனுமதி பெற வேண்டியிருந்தது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி, கணிக்கும் உறுப்பு முழுவதையும் ஒரே சில்லினுள் அடக்கியது. 1975இல் அல்டெயர் 8800 உதிரிப் பாகங்களாக விற்பனைக்கு வந்தது. 1977இல் 1,298 டொலருக்கு அப்பிள் II, 1981 ஓகஸ்டில் 1,565 டொலருக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினி என்பன தொடர்ந்தன. விலையும் உருவமும் குறைந்தன என்பது இவ்வரலாற்றின் ஒரு பக்கமே. யாரிடமும் அனுமதி கேளாது, ஒருவன் தன் மேசையில், தன் நேரத்தில் இயக்கத்தக்க பொறியாக அது மாறியமையே பெரிய மாற்றம்.

இம்மாற்றம் அப்புத்தளைக்கு எவ்வாறு வந்தது? 1890இல் தோமஸ் லிப்டன் எழுப்பிய தம்பேதென்னத் தொழிற்சாலை இன்றும் நிற்கின்ற மலைச்சரிவுகள் இவை. இங்கு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அந்தப் பேரைக் கணக்கப்பிள்ளையின் செக்றோல் புத்தகம் நெடுங்காலம் தாங்கியது. 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், படிப்படியாகக் கணினி அதனை ஏற்றது. ஆகவே கணினி தோட்டத்துக்கு வரவில்லை என்று எவரும் கூறவியலாது. வந்தது, ஆனால் அலுவலகத்தில் நின்றுவிட்டது. தாயின் பேர் கணினிக்குள் நுழைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரும் மகளின் விரல் அதன் விசைப்பலகையில் படவில்லை. கணக்கிடப்படுவோருக்கும் கணக்கிடுவோருக்கும் இடையிலான பழைய கோட்டினைப் புதிய பொறி அழிக்கவில்லை. மின்சாரத்தால் மீள வரைந்தது.

தொலைபேசியும் ஒரு கணினியே என்பர். தொழினுட்ப நோக்கில் அது மெய். பயன்பாட்டு நோக்கில் அரை உண்மை. பார்த்தற்கும் கேட்டற்கும் அது போதும். பத்துப் பக்கக் கட்டுரையை எழுதித் திருத்தவும், அட்டவணையில் கணக்குகளை ஒப்பிடவும், நிரல் எழுதிப் பிழை தேடவும் விசைப்பலகையும் அகன்ற திரையும் வேண்டும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திட்டம் பைதன் மொழியில் நிரல் எழுதக் கோருகின்றது. அதனைப் பெருவிரலால் எழுதிப் பழகுக என்று கொழும்பில் எந்தத் தந்தையும் தன் மகனிடம் கூறான்.

தொலைபேசி போதும் என்னும் வாதம் முன்னரே சோதிக்கப்பட்டுவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழியாகியபோது, பல லயங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றது. 2021இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அலைவரிசை தேடிக் காட்டு வழியாக மலையுச்சிக்கு ஏறியதை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. இக்குறை ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே சான்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் ஓர் இலட்சம் ரூபாய் விலையுள்ள மடிக்கணினிக்கு நூறு முழுப்பேர் வேண்டியிருந்தது. அந்த நூறு நாளும் அடுப்பு எரியக்கூடாது.

பாடசாலையில் கணினி அறை இருக்கின்றதே என்று அடுத்த மறுப்பு எழும். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன, உண்மை. நாடா வெட்டியவர் சென்ற பின்னர் அறையின் சாவி அதிபரின் மேசைக்குள் சென்றுவிடுவதும் உண்மை. மேசைக் கணினி மின்சாரம் நின்ற கணமே அணைந்துவிடும். மூடுபனியின் ஈரம் திறவாத அறையினுள் பொறிகளை மெல்லக் கெடுக்கும். பழுதானால் பார்க்க ஆளில்லை. கற்பிக்கப் பயின்ற ஆசிரியரும் பல இடங்களில் இல்லை. பிள்ளை கெடுத்துவிடும் என்று அஞ்சிப் பூட்டப்பட்ட பொறி, பிள்ளையின் கை படாமலே கெடுகின்றது.

இதற்கு வேறு வழி அயலிலேயே கையாளப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்கீழ், அரச, அரச உதவி பெறும் பாடசாலைகளின் மேல்நிலை மாணவர் மடிக்கணினியைத் தமதாகவே பெற்றனர். அவற்றிற் சினிமாப் படம் பார்க்கின்றனர் என்று நகைத்தோர் உண்டு. வசதி படைத்தவன் பிள்ளை படம் பார்த்தால் பொழுதுபோக்கு, வறியவன் பிள்ளை பார்த்தால் வீண்விரயம் என்னும் இவ்வறத்தை எந்நூலிற் கற்றனரோ! பெரு நாட்டில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் கணித, மொழித் தேர்ச்சியை உயர்த்தவில்லை என 2012இல் அமெரிக்கக் கண்ட அபிவிருத்தி வங்கியின் ஆய்வு கண்டமையும் மறைக்கத்தக்கதன்று. ஆசிரியரின்றிப் பொறி மட்டும் போதாது என்பதற்கு அது சான்றாகும். பொறியே வேண்டாம் என்பதற்கு அதனைச் சான்றாக்குவோர், நூலகர் இல்லையென்று நூல்களை எரிக்கத் துணிவர்.

2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானத்திற் பட்டம் வழங்குகின்றது. அதன் மாணவர் வார இறுதிகளில் அண்டைத் தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லக் கடல் கடக்க வேண்டியதில்லை. பாடசாலைகள் கேட்க வேண்டியதும் இன்னொரு திறப்பு விழா அன்று. மின்கலத்தால் இயங்கும் மடிக்கணினிகளும், பிற்பகல் ஒன்றரைக்குப் பூட்டாமல் மாலை ஆறு வரை திறந்திருக்கும் அறையும், அதற்குச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரும் வேண்டும். நூலகப் புத்தகத்தைப் போல மடிக்கணினியையும் பிள்ளை ஒரு வாரத்துக்கு லயத்துக்கு எடுத்துச் செல்ல இடமளிக்கும் பதிவேடொன்றும் வேண்டும். அதில் பிள்ளை தன் பேரைத் தானே எழுதட்டும்.